விஇஜிஎஃப் கொடுத்தும் ஹூவெக் செல்கள் வேகமாக நகரவில்லை. எங்கே தப்பு?

இன்குபேட்டர்_இரவு | செவ்வாய், இரவு 11:48

வணக்கம் நண்பர்களே. நான் பிஎச்.டி இரண்டாம் ஆண்டு. ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாகத் தரைக்கல் பதித்த மாதிரி படுத்திருக்கும் எண்டோதீலியல் செல்கள் எப்படி நகர்கின்றன என்பதுதான் என் தலைப்பு. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த செல்களை (ஹூவெக்) வளர்க்கிறேன். ஐந்தாவது பாசேஜ் (தட்டு மாற்றி வளர்ப்பது ஐந்தாம் முறை).

24 குழித் தட்டில் செல்கள் முழுக்க நிரம்பிய பிறகு 200 மைக்ரோலிட்டர் பைப்பெட் டிப்பால் நடுவில் ஒரு கோடு கீறினேன். உதிர்ந்த செல்களைக் கழுவிவிட்டு, பாதிக் குழிகளில் விஇஜிஎஃப்-165 (ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதம்), மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் போட்டேன். மீதிக் குழிகளில் ஒன்றும் போடவில்லை. 16 மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கோடு கிட்டத்தட்ட மூடிவிட்டது. வித்தியாசமே இல்லை. மூன்று முறை செய்துவிட்டேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ராக் என்ற நொதியின் தடுப்பான் ஒய்-27632 (10 மைக்ரோமோலார்) போட்ட குழியில் கோடு சீக்கிரமே மூடுகிறது. ஆனால் செல்கள் பார்க்கவே விகாரமாக இருக்கின்றன. நீளமாக வால் முளைத்த மாதிரி. நகர்வைத் தடுக்கும் என்று நினைத்துப் போட்ட மருந்து எப்படி மூட வைக்கிறது?

கைடிடம் போனால் "சிக்னலிங் சரியாப் படிச்சுட்டு வா" என்கிறார். படித்தேன். அம்புக்குறிப் படம்தான் நினைவில் நிற்கிறது.

பழைய_பைப்பெட் | புதன், காலை 6:15

தம்பி, ஒரே ஒரு கேள்வி. எந்த மீடியம்?

இன்குபேட்டர்_இரவு | புதன், காலை 8:02

ஈஜிஎம்-2, அக்கா. முழு சப்ளிமென்ட்டோடு.

பழைய_பைப்பெட் | புதன், காலை 8:40

அதானே பார்த்தேன். அந்தச் சப்ளிமென்ட் பாட்டில்களின் லேபிளை ஒருமுறை படி. விஇஜிஎஃப் அதிலேயே இருக்கிறது. கூடவே எஃப்ஜிஎஃப்-2, ஈஜிஎஃப், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணிகள், 2% சீரம் (ரத்தத்தின் தெளிநீர்). கல்யாணப் பந்தியில் மூன்று பாயசம் குடித்து எழுந்தவனுக்கு மறுபடி இலை போட்டிருக்கிறாய். அவன் எப்படிச் சாப்பிடுவான்?

கீறுவதற்கு முன்பே சீரத்தைக் குறைத்துச் சில மணி நேரம் பட்டினி போடு. ஹூவெக் ரொம்பப் பட்டினி தாங்காது, செத்துவிடும். அதனால் சீரத்தைச் சுத்தமாக நிறுத்தாதே, 0.5% வைத்துக்கொள்.

அடுத்தது, 16 மணி நேரத்தில் சில செல்கள் பிரிந்து பெருகவும் செய்திருக்கும். கோடு மூடியதற்குச் செல் நடந்து வந்தது காரணமா, புதிதாகப் பிறந்தது காரணமா என்று உன் படத்திலிருந்து சொல்ல முடியாது. மைட்டோமைசின்-சி கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்திவிட்டுச் செய்து பார்.

இன்னொன்றும் இருக்கிறது. நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள். கீறுவதே ஒரு சிக்னல். டிப் பட்டு உடைந்த செல்களின் உள்ளே இருந்த எஃப்ஜிஎஃப்-2 வெளியே கொட்டுகிறது. அந்தப் புரதத்துக்கு வழக்கமான வெளியேற்ற முகவரி கிடையாது. செல் காயப்பட்டால் அது வெளியே வர வழி கிடைக்கும். ஆக, நீ ஒன்றும் போடாத குழியிலும் கொஞ்சம் போட்ட கணக்குத்தான்.

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 1:30

நான் இந்தத் துறை இல்லை, ஆடிட்டிங். அத்தைக்குச் சர்க்கரையால் கண்ணில் வீக்கம். விழிக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். மருந்துச் சீட்டில் "ஆன்டி விஇஜிஎஃப்" என்று இருந்தது, தேடியதில் இங்கே வந்து சேர்ந்தேன். ஒரு சந்தேகம். ரத்தக்குழாய் என்பது குழாய். அதன் சுவரில் இருக்கும் செல் எழுந்து நடந்தால் குழாய் ஓட்டையாகிவிடாதா?

திசைமானி | புதன், மாலை 7:20

கணக்குப்பிள்ளை சாரின் கேள்விக்கும் தம்பியின் கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த எலிக்குட்டியின் விழித்திரையை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போது அதில் ரத்தக்குழாய் கிடையாது. பார்வை நரம்பு நுழையும் நடுப்பகுதியிலிருந்து குழாய்கள் கிளம்பி, ஏறக்குறைய 8 நாளில் ஓரம் வரை போய்ச் சேர்கின்றன. முன்னால் ஆஸ்ட்ரோசைட் என்ற நரம்புத் துணைச் செல்கள் வலை விரித்த மாதிரி படர்ந்திருக்கும். ஆக்சிஜன் போதாத அந்தச் செல்கள் விஇஜிஎஃப் சுரக்கின்றன. கிளைக்கும் குழாயின் முனையில் இருக்கும் ஒரே ஒரு செல் மட்டும் மயிரிழை போன்ற விரல்களை நீட்டி அதைத் துழாவுகிறது. இதுதான் நுனிச் செல். அதற்குப் பின்னால் வருபவை தண்டுச் செல்கள். அவை ஒன்றையொன்று விடாமல் பிடித்தபடியே நகர்கின்றன, பெருகுகின்றன, நடுவே துளையும் விட்டுக்கொள்கின்றன. அதனால்தான் ஓட்டை விழுவதில்லை, சார். யாரும் தனியாக எழுந்து நடப்பதில்லை.

2003-இல் ஹோல்கர் கெர்ஹார்ட், கிறிஸ்டர் பெட்ஷோல்ட்ஸ் குழுவினர் இந்த விழித்திரையில் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். நுனிச் செல் எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்வது விஇஜிஎஃப் எங்கே அதிகம், எங்கே குறைவு என்ற ஏற்றத்தாழ்வு. தண்டுச் செல் பெருகுவதை முடிவு செய்வது அதன் மொத்த அளவு. ஒரே சிக்னல், ஒரே ஏற்பி (சிக்னலை வாங்கும் புரதம்), இரண்டு செல்கள் இரண்டு விதமாக வாசிக்கின்றன.

இப்போது தம்பியின் தட்டுக்கு வருவோம். 50 நானோகிராமைப் போட்டுக் கலக்கிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஊர் முழுக்க ஒரே மாதிரி மல்லிகை மணம் இருந்தால் பூக்கடை எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? செல் துறுதுறுவென்று ஆகும், அவ்வளவுதான். கோட்டை நோக்கிப் போவதற்குக் காரணம் அந்தப் பக்கம் காலி இடம் இருப்பது. விஇஜிஎஃப் காட்டிய வழி அல்ல.

இந்த வித்தியாசத்தை 1973-இலேயே வெள்ளணுக்களில் பிரித்துக் காட்டிவிட்டார்கள், சிக்மண்டும் ஹிர்ஷும். அதற்கு முன்பே, 1962-இல், பாய்டன் ஒரு கிண்ணம் செய்திருந்தார். நடுவில் சல்லடை மாதிரி ஒரு தாள், மேலே செல், கீழே மருந்து. இவர்கள் மருந்தைக் கீழே மட்டும், மேலே மட்டும், இரண்டு பக்கமும் என்று சதுரங்கக் கட்டம் போல மாற்றி மாற்றிப் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும்போதும் செல் இறங்கினால் அது வெறும் துறுதுறுப்பு. கீழே மட்டும் இருக்கும்போது அதைவிடக் கூடுதலாக இறங்கினால்தான் அது திசை. தம்பி, இதைச் செய்து பாருங்கள்.

பழைய_பைப்பெட் | புதன், இரவு 9:05

நல்ல பதிவு. ஒன்று சேர்க்கிறேன். அந்த ஏற்றத்தாழ்வு எப்படிக் கலைந்துபோகாமல் நிற்கிறது? விஇஜிஎஃப்-165-க்கு ஒரு ஒட்டும் வால் இருக்கிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் அது ஒட்டிக்கொள்ளும். விஇஜிஎஃப்-121-க்கு அந்த வால் இல்லை, சுரந்த இடத்தில் நிற்காமல் பரவிப் போய்விடும். வால் இல்லாத வகையை மட்டும் சுரக்கும்படி மாற்றிய எலிகளை 2002-இல் ஆராய்ந்தார்கள். குழாய்கள் கிளை விடாமல் தடித்துத் தடித்துப் போயிருந்தன. விஇஜிஎஃப் இருந்தும் வழி தெரியவில்லை.

(எங்கள் லேபில் அதை "வெஜ்எஃப்" என்போம். புதிதாக வந்த கிளார்க் ஒருவர் ஆர்டர் படிவத்தைப் பார்த்து, "லேப்ல சைவச் சாப்பாடு வாங்கறதுக்கெல்லாம் பில் போடக் கூடாது மேடம்" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, விளக்கவும் முடியவில்லை.)

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 9:31

பில் விஷயத்தில் நான் அந்தக் கிளார்க் பக்கம்.

சரி, நுனிச் செல்லை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பக்கத்துச் செல்லும் அதே மணத்தைத்தானே முகர்கிறது?

திசைமானி | புதன், இரவு 10:10

அருமையான கேள்வி சார். இருட்டில் வரப்பு மேல் வரிசையாகப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் கையிலும் டார்ச். யார் டார்ச் கொஞ்சம் முன்னால் எரிகிறதோ அவர் பின்னால் திரும்பி, "உன்னுதை அணைச்சிடு" என்கிறார். செல்லில் நடப்பது இதுதான். விஇஜிஎஃப் அதிகம் பட்ட செல், டிஎல்எல்-4 என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் கூடுதலாக வைக்கிறது. அது பக்கத்துச் செல்லின் நாட்ச் ஏற்பியைத் தொடுகிறது. நாட்ச் விழித்ததும் அந்தச் செல் தன்னுடைய விஇஜிஎஃப் ஏற்பி-2-ஐக் குறைத்துக்கொள்கிறது. முகரும் மூக்கே மந்தமாகிவிடுகிறது.

இதைக் கெடுத்தால் என்ன ஆகும் என்று 2006, 2007-இல் வரிசையாக ஆய்வுகள் வந்தன. டிஎல்எல்-4-ஐத் தடுத்தால் எல்லாச் செல்லும் நுனியாகப் பார்க்கிறது. புற்றுக்கட்டியில் குழாய்கள் எக்கச்சக்கமாக முளைத்தன, ஆனால் ரத்தம் ஒழுங்காக ஓடவில்லை, கட்டி சிறுத்தது. எண்ணிப் பார்த்தால் குழாய் அதிகம், பயன் குறைவு.

மறுப்பு_மாணிக்கம் | வியாழன், காலை 7:44

டார்ச் கதை அழகுதான், ஆனால் பாதி உண்மை. முன்னால் போகிறவர் கடைசிவரை அவரே என்று நினைக்க வைக்கிறது. 2010-இல் செல்களுக்கு இரண்டு நிறம் பூசிப் படம் பிடித்தபோது தெரிந்தது வேறு. நுனியில் இருந்த செல் பின்னால் போகிறது, பின்னால் இருந்தது முந்துகிறது, இது ஓயாமல் நடக்கிறது. தலைவர் பதவி சில மணி நேரத்துக்குத்தான்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. இழை முழுக்க விஇஜிஎஃப், விஇஜிஎஃப். குழாய்க்குள் ரத்தம் ஓடுகிறதே, அது இந்தச் செல்களை உரசிக்கொண்டே போகிறது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முளைத்த குழாய்வலையில் ஒரு பகுதி பின்னால் கத்தரிக்கப்படுகிறது. எப்படி? செல் செத்துத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2015-இல் ஃபிராங்கோவும் கெர்ஹார்டும் விழித்திரையில் காட்டியது, செல்கள் ஓட்டம் குறைந்த கிளையை விட்டுவிட்டு, ஓட்டம் அதிகமுள்ள கிளைக்கு நடந்தே போய்விடுகின்றன. அதுவும் ரத்தம் ஓடும் திசைக்கு எதிராக. கால்ஜியை (செல்லுக்குள் புரதங்களைப் பொதிந்து அனுப்பும் உறுப்பு) நிறமேற்றிப் பாருங்கள், அது நியூக்ளியஸுக்கு முன்னால், ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். ஆற்றில் மீன் எதிர்நீச்சல் போடும்போது தலை எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கம்.

எண்டோக்ளின் என்ற புரதம் குறைந்தால் இந்த எதிர்நடை கெடுகிறது. தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய் இல்லாமல் நேரடியாக இணைந்துவிடுகின்றன. அந்த ஜீனில் பழுது உள்ள குடும்பங்களில் சிறுவயதிலேயே அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். சூடு என்று சொல்லி வெங்காயச் சாறு விட்டுக்கொண்டிருப்பார்கள். (எல்லா மூக்கு ரத்தமும் இது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

தம்பியின் தட்டில் ஓட்டம் இல்லை. குளத்தில் மீன் பிடித்துவிட்டு ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதக் கூடாது.

திசைமானி | வியாழன், காலை 9:12

இடம் மாறுவது சரி, ஒப்புக்கொள்கிறேன். டார்ச்சை அடிக்கடி கை மாற்றுகிறார்கள் என்று திருத்திக்கொள்ளலாம். ஆனால் குளத்தையே வேண்டாம் என்றால் முதலாண்டு மாணவர் நேராக ஆற்றில்தான் குதிக்க வேண்டும்.

இன்குபேட்டர்_இரவு | வியாழன், இரவு 11:20

எல்லாருக்கும் நன்றி. லேபிளைப் படித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. ராக் தடுப்பான் விஷயத்தை மட்டும் யாராவது சொல்லுங்கள். அந்த வால் என்னைத் தூங்க விடவில்லை.

பழைய_பைப்பெட் | வெள்ளி, காலை 5:50

மைக்ரோஸ்கோப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று ஓர் இரவு முழுக்க எடுத்து ஓடவிட்டுப் பார். முதலில் முன்பக்கம் தோசைக்கல்லில் மாவு பரவுகிற மாதிரி மெல்லிய விளிம்பு ஒன்று விரியும். அது தரையில் ஒட்டிக்கொள்ளும், சில நேரம் ஒட்டாமல் சுருண்டு பின்வாங்கும். அப்புறம் உடம்பு முன்னே வரும். கடைசியில் பின்பக்கம் தரையை விட்டுச் சடக்கென்று சுருங்கி இழுபடும். ஒரு மணி நேரத்தில் நகர்வது பத்து இருபது மைக்ரோமீட்டர்தான்.

இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் புரதம் பொறுப்பு. விளிம்பை விரிக்க ராக்-1, துழாவும் விரலை நீட்ட சிடிசி-42, இழுத்துச் சுருக்க ரோ-ஏ. 1992-இல் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் நார்ச்செல்களுக்குள் இவற்றை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். ரோ போட்டால் கயிறு முறுக்கின மாதிரி ஆக்டின் என்ற புரதக் கம்பிகள். ராக்-1 போட்டால் ஓரத்தில் அலை அலையாக மடிப்பு. தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை, ராக்-1 வேறு, நீ தடுத்த ராக் வேறு. நீ தடுத்தது ரோ-ஏ-வின் கீழே வேலை செய்யும் கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டும் நொதி).

அதாவது நீ பின்பக்கத்தின் இழுவிசையை வெட்டிவிட்டாய். முன்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது, பின்பக்கம் தரையை விட மாட்டேன் என்கிறது. நடுவில் நீண்டு கிடப்பதுதான் வால். பொதுவாக ரோவும் ராக்-1-உம் ஒன்றையொன்று அடக்கிவைக்கும். ஒன்றின் கை தளர்ந்ததும் மற்றது கூடுதலாக விரிகிறது. கோடு சீக்கிரம் மூடியதற்குப் பாதிக் காரணம் செல் பரந்து படர்ந்தது. மூடிய பரப்பை மட்டும் அளந்தால் அது நகர்வு மாதிரியே தெரியும். நியூக்ளியஸ் எவ்வளவு தூரம் போனது என்று அளந்து பார்.

விஇஜிஎஃப் பக்கத்திலிருந்து வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஏற்பி-2 விழித்ததும் எஸ்ஆர்சி என்ற கைனேஸ், அதிலிருந்து வாவ்-2, அதிலிருந்து ராக்-1, அதிலிருந்து பாக் என்ற இன்னொரு கைனேஸ். அந்தப் பாக் போய் விஇ-கேட்ஹெரினில் பாஸ்பேட் ஒட்டுகிறது. விஇ-கேட்ஹெரின்தான் செல்லும் செல்லும் கைகோத்து நிற்கும் பிடி. பாஸ்பேட் ஒட்டியதும் அதைச் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிடி தளர்கிறது, குழாய் கசிகிறது. கணக்குப்பிள்ளை சார், அத்தையின் கண்ணில் வீக்கம் வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. விஇஜிஎஃப்புக்கு முதலில் வைத்த பெயரே "கசிவுக் காரணி" என்ற பொருளில்தான். 1983-இல் டிவோராக் குழு வைத்தது. ஃபெராரா 1989-இல் விஇஜிஎஃப் என்று பிரித்தெடுத்ததும் அதே மூலக்கூறுதான் என்று பிறகு தெரிந்தது.

மறுப்பு_மாணிக்கம் | வெள்ளி, காலை 8:30

இதற்கு மறுப்பு இல்லை, ஆச்சரியம்தான்.

"நில்" என்ற சிக்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீரத்தில் எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறு இருக்கிறது. அது முதலாம் எஸ்1பி ஏற்பியில் உட்கார்ந்தால் ராக்-1 எழுந்து செல் நடக்கிறது. இரண்டாம் ஏற்பியில் உட்கார்ந்தால் ரோ எழுந்து செல் நிற்கிறது. தம்பியின் 2% சீரத்தில் இதுவும் உண்டு. ஃபிங்கோலிமாட் என்று நரம்பு நோய்க்கு 2010-இல் அனுமதி பெற்ற மாத்திரை இந்த ஏற்பிகளைத் தொடுகிறது. சிலருக்கு அதன் பக்கவிளைவு விழித்திரை நடுவில் நீர் கோத்துக்கொள்வது. குழாய்ச் சுவரின் பிடி தளர்வதுதான்.

வரிக்குதிரை மீனில் இன்னொரு "நில்" உண்டு. முதுகுத் தசைக்கட்டிகளுக்கு நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் குழாய் ஏறும். தசைக்கட்டி செமாஃபோரின் சுரந்து "இங்கே வராதே" என்கிறது. அதைக் கேட்கும் பிளெக்சின்-டி1 இல்லாத மீனில் குழாய்கள் சந்தை விட்டுக் கண்ட இடத்தில் ஏறுகின்றன. அந்தத் திரிபுக்கு "எல்லை மீறியது" என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள்.

என்ஐசியூ_செவிலி | வெள்ளி, இரவு 10:55

டியூட்டி முடிந்து வந்து படித்தேன். எலிக்குட்டியின் விழித்திரை என்றதும் எங்கள் பச்சிளங்குழந்தை வார்டுதான் நினைவுக்கு வந்தது. மனிதக் குழந்தைக்கு விழித்திரைக் குழாய் கருவின் ஏறக்குறைய 16-ஆவது வாரத்தில் கிளம்பி, ஓரம் வரை போய்ச் சேர 40 வாரம் ஆகிறது. 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் அது பாதி வழியில் நிற்கும்.

நாங்கள் ஆக்சிஜன் கொடுக்கிறோம். கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் கூடிவிட்டால் விழித்திரை "எனக்குப் போதும்" என்று விஇஜிஎஃப்பைக் குறைத்துவிடுகிறது, குழாய் வளர்வது நின்றுவிடுகிறது. சில வாரம் கழித்து, குழாய் போகாத பகுதிக்குப் பசி எடுத்து ஒரேயடியாக விஇஜிஎஃப் கொட்டுகிறது. அப்போது குழாய்கள் ஒழுங்கில்லாமல் விழித்திரையை விட்டு எழும்பிக் கண்ணின் கூழுக்குள் வளர்கின்றன, விழித்திரையையே பிடித்து இழுத்துவிடுகின்றன. இந்த நோயைப் பற்றி 1942-இல் டெர்ரி என்ற கண் மருத்துவர் முதலில் எழுதினார். ஆக்சிஜன்தான் காரணம் என்று உறுதியாகத் தெரிய 1950-கள் ஆயின. அதற்குள் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பார்வை போய்விட்டது.

அதனால்தான் குறைமாதக் குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை என்று வற்புறுத்துகிறோம். "பிள்ளை நல்லாத்தான் முழிக்குது சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 7:10

அத்தைக்கு அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன். கண் ஊசியால் புண் ஆறுவது தாமதமாகுமா?

பழைய_பைப்பெட் | சனி, காலை 7:48

கேட்டது நல்லது. பெவாசிசுமாப் என்ற ஆன்டி விஇஜிஎஃப் மருந்தைப் புற்றுநோய்க்குச் சிரையில் ஏற்றும்போது, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 28 நாளாவது இடைவெளி விடச் சொல்வார்கள். புண் ஆறுவதற்கும் புதுக் குழாய் வேண்டுமே. கண்ணில் போடும் அளவு அதை ஒப்பிட்டால் மிகமிகச் சிறிது. ஆனாலும் நான் டாக்டர் இல்லை. சர்ஜனிடமும் கண் டாக்டரிடமும் இரண்டு சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருவருக்கு மற்றவர் போட்டது தெரியாமல் இருக்கக் கூடாது.

இன்குபேட்டர்_இரவு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 12:34

இழையை மேலே கொண்டுவருகிறேன். பட்டினி போட்டு, மைட்டோமைசினும் கொடுத்துச் செய்தேன். விஇஜிஎஃப் உள்ள குழியில் வித்தியாசம் இப்போது கண்ணாலேயே தெரிகிறது. ஒன்றும் போடாத குழியில் கோடு பாதிகூட மூடவில்லை.

பாய்டன் கிண்ணமும் செய்தேன். மேலும் கீழும் ஒரே அளவு போட்டதிலேயே கணிசமான செல்கள் இறங்கிவிட்டன. கீழே மட்டும் போட்டதில் அதைவிட அதிகம், ஆனால் நான் ஆசைப்பட்ட அளவு இல்லை. கைட் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஒரு உருப்படியான கேள்வி கிடைச்சிருக்கு" என்றார். திட்டா பாராட்டா என்று தெரியவில்லை.

ராக் தடுத்த குழியில் நியூக்ளியஸை அளந்தேன், அக்கா. பரப்பு மூடிய அளவுக்கு அது நகரவே இல்லை. விஇ-கேட்ஹெரினுக்கு நிறமேற்றியும் பார்த்தேன். சாதாரணக் குழியில் முன்னால் போகும் செல்லின் பின்பக்கத்திலிருந்து விரல் மாதிரி சின்னச் சின்ன நீட்சிகள் பின்னால் வரும் செல்லுக்குள் குத்திக்கொண்டு நிற்கின்றன. 2016-இல் ஹூவெக் செல்களிலேயே இதை எழுதியிருக்கிறார்கள், முன்செல் பின்செல்லுக்குக் கொடுக்கும் கைப்பிடி மாதிரி. மருந்து போட்ட குழியில் அந்த விரல்களைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றிரண்டுதான் கிடைத்தது. ஒருமுறை செய்ததை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

காலை ஆறு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து புதுத் தொப்புள்கொடி வருகிறது, தாயின் ஒப்புதல் கையெழுத்தோடு. கொலாஜனேஸை (சிரைச் சுவரிலிருந்து செல்லைப் பிரிக்கும் நொதி) இப்போதே அளந்து வைத்துவிட்டேன். போன தடவை செல் ரொம்பக் குறைவாக வந்தது. ஏதாவது யோசனை உண்டா?

பழைய_பைப்பெட் | ஞாயிறு, காலை 5:20

கிளாம்ப் போட்ட அடையாளம் எங்கெங்கே இருக்கிறதோ அந்தத் துண்டுகளை முதலில் வெட்டி எறி. அங்கே சுவர் நசுங்கிப் போயிருக்கும், செல் தேறாது. சிரையை மிதமான சூட்டில் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) விட்டு ரத்தம் போகும்வரை அலசு. கொலாஜனேஸ் விட்டபின் கொடியை நன்றாக உருவிவிடு, அழுத்திப் பிழியாதே. பாட்டில் திறந்த தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்.